மேடை, இசையமைப்பு, பாடம்: மூன்றும் ஒருவரால் முடியுமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒரு அம்மா அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பியானோ கிரேடு தேர்வுகளை முடித்துவிட்டாள், சொந்தமாகவும் எழுதிப் பார்க்கிறாள். மேடையில் வாசிக்கும் கலைஞராகவும் வேண்டும், இசையமைக்கவும் வேண்டும் என்கிறாளாம். வீட்டுப் பெரியவர்களோ, ‘எப்படியும் கடைசியில் டியூஷன்தான் எடுக்கப் போகிறாள்’ என்கிறார்களாம். மூன்றையும் ஒரே ஆள் செய்ய முடியுமா, பாடம் எடுக்கப் போனால் தோற்றுப்போனதாக அர்த்தமா என்று கேட்கிறார்.

முடியும் அம்மா. ஆனால் மூன்றும் ஒரே மாதிரி நிலைத்து நிற்காது. எது முதலில் கைநழுவிப் போகும் என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. இதைப் பொதுவாகப் பேசுவதைவிட, மூன்றையும் செய்த ஒருவரை வைத்தே சொல்கிறேன். பியானோ கலைஞர் கிளாரா ஷூமன். 1819இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர்.

அப்பா ஃப்ரீட்ரிக் வீக், பியானோ ஆசிரியர். மகளுக்குப் பியானோ மட்டும் போதும் என்று அவர் விடவில்லை. பாட்டு, வயலின், இசையமைப்பின் இலக்கணம் எல்லாம் சேர்த்தே படிக்க வைத்தார். ஒன்பது வயதில் லைப்சிக் கெவண்ட்ஹவுஸ் அரங்கில் முதல் மேடை. பதின்மூன்று வயதில் ஒரு பியானோ கான்செர்ட்டோ, அதாவது பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, எழுத ஆரம்பித்தார். 1835இல், பதினாறு வயதில், அதே அரங்கில் அவரே வாசிக்க, ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் புகழ்பெற்ற இசையமைப்பாளர் மெண்டெல்சோன்.

அந்த கான்செர்ட்டோவின் நடுப்பகுதியை அவசியம் கேளுங்கள். அங்கே ஆர்கெஸ்ட்ரா முழுக்க ஒதுங்கிக்கொள்கிறது. பியானோ தனியாகப் பேசிக்கொண்டிருக்க, வயலினைவிடப் பெரிய, ஆழ்ந்த குரலுள்ள ஒரே ஒரு செல்லோ வந்து கூடச் சேர்கிறது. இரண்டே பேர். பதின்ம வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய குழுவைச் சும்மா உட்கார வைக்கும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

1840இல் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனைத் திருமணம் செய்துகொண்டார். அப்பாவின் எதிர்ப்பு, நீதிமன்றம் என்று அது பெரிய கதை, இப்போது வேண்டாம். நமக்கு முக்கியமானது அதற்கப்புறம் அந்த வீடு நடந்த விதம். ராபர்ட் எழுத உட்கார்ந்தால் கிளாரா பியானோவைத் தொட முடியாது, சத்தம் கேட்கும். பயிற்சிக்கே நேரம் கிடைக்கவில்லை என்று இருவரும் சேர்ந்து எழுதிய நாட்குறிப்பிலேயே குறைப்பட்டுக்கொள்கிறார். எட்டுக் குழந்தைகள் பிறந்தன. இதற்கு நடுவிலும் 1842இல் கோபன்ஹேகன், 1844இல் ரஷ்யா என்று கச்சேரிக்குப் போனார். 1846இல், பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமாக ஜி மைனரில் ஒரு அருமையான டிரியோ எழுதினார்.

ஜெர்மனியின் ட்யூசல்டார்ஃப் நகரில் இருந்தபோதுதான், கணவருக்குக் கேட்காமல் வாசிக்க ஒரு தனி அறை கிடைத்தது. 1853 கோடையில் என்ன நடந்தது பாருங்கள். ராபர்ட்டின் ஒரு மெட்டை எடுத்து அதையே பலவிதமாக மாற்றிப் பார்க்கும் வேரியேஷன்கள், வயலினுக்கும் பியானோவுக்கும் ரொமான்ஸ் எனப்படும் மூன்று மென்மையான சிறு படைப்புகள், பாடல்கள் என்று கடகடவென எழுதித் தள்ளினார். அறையும் நேரமும் கிடைத்ததும் இசை வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு ராபர்ட்டை மனநலக் காப்பகத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. 1856இல் இறந்துபோனார். எட்டில் ஒன்று சின்ன வயதிலேயே இறந்துவிட, மீதி ஏழு குழந்தைகள். சம்பாதிக்க ஒரே வழி மேடை. அப்புறம் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் பயணம்தான், இங்கிலாந்துக்கு மட்டுமே பலமுறை. அவர் வாழ்நாளில் வாசித்த கச்சேரிகளின் நிகழ்ச்சி நிரல்கள் 1,300க்கு மேல் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இசையமைப்பு? ஏறக்குறைய நின்றேபோனது. 1879இல் ஒரு நண்பர் தம்பதியின் பொன்விழாவுக்கு எழுதிய மார்ச் போல ஒன்றிரண்டுதான்.

இதற்குப் பலரும் ஒரு காரணம் சொல்வார்கள். பெண் இசையமைக்க ஆசைப்படக் கூடாது என்று 1839இலேயே நாட்குறிப்பில் எழுதிவிட்டாரே, நம்பிக்கை இல்லாமல் விட்டுவிட்டார் என்பார்கள். அந்தக் காலம் அவர் மனதில் அப்படி ஒரு எண்ணத்தைப் போட்டது உண்மை, அது கொடுமைதான். ஆனால் அந்த டிரியோவும் 1853 படைப்புகளும் அதற்குப் பிறகு வந்தவை. அதனால் அந்த ஒரு காரணம் எனக்குப் போதவில்லை. கச்சேரிக்குத் தேதி இருக்கிறது, அரங்கு இருக்கிறது, பணம் வருகிறது. மாணவர் வாசலில் வந்து நிற்கிறார். எழுதாத இசைக்காக யாரும் காத்திருப்பதில்லை. நாளை எழுதலாம் என்றால் கேட்க ஆள் இல்லை. இசையமைப்புதான் முதலில் போகும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது பாடத்துக்கு வருவோம். 1873 வாக்கில் கிளாராவுக்குக் கையில் கடுமையான வலி, நீண்ட காலம் மேடையேற முடியவில்லை. 1878இல் ஃபிராங்ஃபர்ட்டில் புதிதாகத் தொடங்கிய ஹோக் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரி அவரை அழைத்தது. அவர் போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள்: ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பாடம் கிடையாது, வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பேன், வருடத்துக்கு நான்கு மாதம் விடுமுறை, குளிர்காலத்தில் கச்சேரிக்குப் போக அனுமதி வேண்டும். அத்தனையும் கிடைத்தது. மகள்கள் மரியும் யூஜெனியும் உதவி ஆசிரியர்கள். மேடையை விட்டுவிட்டுப் பாடத்துக்கு வந்தவர் பேசுகிற பேச்சா இது? 1891 வரை பொதுமேடையில் வாசித்தார், 1892 வரை அங்கே கற்பித்தார்.

கிளாரா வாசித்த ஒலிப்பதிவு எதுவும் நமக்குக் கிடையாது. ஆனால் அவரிடம் படித்த ஃபேனி டேவிஸ், அடெலினா டி லாரா போன்றவர்களின் பதிவுகள் இருக்கின்றன. தேடிக் கேட்டுப் பாருங்கள், அவசரமே இல்லாத, ஒவ்வொரு சுரத்தையும் பாட வைக்கும் வாசிப்பு. அந்த வாசிப்பு நம் காதுவரை வந்தது பாடம் வழியாகத்தான். வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மகளுக்கு நான் சொல்வது இதுதான். இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பியானோ முதன்மைப் பாடம் என்றாலும் இசையமைப்பை இரண்டாவது பாடமாக எடுக்க முடியுமா என்று முதலிலேயே கேட்கட்டும். வாரத்தில் இரண்டு காலை நேரங்களை எழுதுவதற்கென்றே ஒதுக்கட்டும், அன்று ஸ்கேல்ஸ்கூட வேண்டாம். எழுதுவது யாருக்கு என்பதையும் முடிவு செய்துகொள்ளட்டும். வயலின் வாசிக்கும் தோழி யாராவது இருந்தால், மூன்று மாதத்தில் உனக்கு ஒன்று தருகிறேன் என்று சொல்லி ஒரு தேதியும் குறித்துக்கொள்ளட்டும். முன்கையில் வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்காமல் அன்றே நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் சொல்லட்டும், தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கட்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றுக்கு இப்போதே சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பிக்கலாம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

சரி, அடுத்த கேள்வி கீபோர்டில் பழகியவர் பியானோவுக்கு மாறுவதைப் பற்றியது.