ஹன்லேயில் தெரிந்த கார்த்திகை

நேயர்களுக்கு வணக்கம்.

போன புரட்டாசியில் லடாக்கில் இருக்கும் ஹன்லே என்ற ஊரில் மூன்று இரவு தங்கியிருந்தேன். அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

எந்த மனநிலையில் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மா இரண்டரை வருஷம் படுத்த படுக்கையாக இருந்தாள். ராத்திரி 2 மணிக்கு அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அலாரம் தேவைப்பட்டதில்லை. ஒரு முனகல் கேட்டால் போதும், எழுந்துவிடுவேன். அம்மா போன பிறகும் அந்த 2 மணி விழிப்பு மட்டும் என்னை விடவில்லை. எழுந்து உட்கார்ந்து, பக்கத்து அறையில் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன். கோயில், தியான வகுப்பு, மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் மகன்தான், "எங்கேயாவது போய்ட்டு வாம்மா" என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தான்.

லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போய் இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாள் பேசாமல் ஓய்வெடுக்க வேண்டும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போவது குறைகிறது. ஹன்லே 4,200 மீட்டருக்கும் மேலே. அங்கே ஒரு மூச்சுக்கு நம் கடற்கரை ஊர்களில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். உடம்பு பழக நாளாகும். அவசரப்பட்டால் தலைவலி, வாந்தி, அதையும் மீறினால் உயிருக்கே ஆபத்து. நாலே நாளில் கணவாய், ஏரி எல்லாவற்றையும் சுற்றிவிடத் திட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாலே எனக்கு மூச்சு வாங்கியது. நாலு படி ஏறுவேன், நிற்பேன். விடுதிக்காரர் பார்க்கும்போதெல்லாம் "ஆராம் சே, ஆராம் சே" என்பார். மெதுவாக, மெதுவாக. அத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

லேயிலிருந்து ஹன்லேக்கு சுமார் 250 கிலோமீட்டர். பாதி வழிக்கு மேல் சிந்து நதிதான் துணை. வழியில் சுமதாங் என்ற ஊரில் ஆற்றங்கரையிலேயே வெந்நீர் ஊற்று ஆவி பறக்கிறது. அப்புறம் மலைகள் விலகி, சமவெளி விரிகிறது. காட்டுக் கழுதைகள் கூட்டமாக நின்று நம்மைப் பார்க்கின்றன. ஹன்லேயில் ஒரு குன்றின் மேல் 17ஆம் நூற்றாண்டு புத்த மடாலயம், இன்னொரு குன்றின் மேல் வானாய்வகம். அங்கிருக்கும் 2 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கிக்கு நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். நம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் இதையும் நடத்துகிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்தபடி, செயற்கைக்கோள் வழியாக இதை இயக்குகிறார்கள்.

2022இல் அந்தப் பகுதியில் 1,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான இடத்தை இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். காட்டையும் புலியையும் காப்பது போல, அங்கே இருட்டைக் காக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் சிலருக்குத் தொலைநோக்கி கொடுத்து, வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டப் பயிற்சியும் தந்திருக்கிறார்கள். நான் தங்கிய வீட்டு அம்மாவை எல்லோரும் அமா-லே, அதாவது அம்மா, என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். சாயங்காலம் விளக்கைப் போடும் முன் அவர் கனமான திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடுவார். ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் கசிந்தாலும் திரும்பி வந்து சரிசெய்வார். என் ஜன்னலை மூடும்போது கையால் வானத்தைக் காட்டிச் சிரித்தார்.

இரண்டாம் இரவு. மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. அந்த உயரத்தில் தூக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். வழக்கம் போல 2 மணிக்கு விழிப்பு. ஸ்வெட்டர், சால்வை எல்லாம் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடித் தகடு போல ஐஸ் உறைந்திருந்தது. பழக்கதோஷம், காது சத்தத்தைத் தேடியது. பூச்சியில்லை, இலையில்லை, ஒரு மோட்டார் ஓடவில்லை. என் மூச்சும் காதுக்குள் நாடித் துடிப்பும் மட்டும்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். கிழக்கே உயரத்தில் கார்த்திகை. என் அம்மாவின் நட்சத்திரம். சின்ன வயதில் மொட்டை மாடியில் அவள் விரல் நீட்டிக் காட்டிய ஆறு நட்சத்திரங்களையும் எண்ணினேன். ஏழு, எட்டு என்று எண்ணிக்கை நீண்டுகொண்டே போனது. அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி 400 வருஷத்துக்கும் மேலாகிறது. குன்றின் மேல் அந்த மடாலயம் எழும்பும் முன்பே கிளம்பிவிட்ட ஒளி.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நடுவில் எப்போதோ என் காது தேடுவதை நிறுத்தியிருந்தது. அழவில்லை, பிரார்த்தனை எதுவும் செய்யவில்லை. உள்ளே போய்ப் படுத்தேன். முகத்தில் வெயில் பட்டபோதுதான் எழுந்தேன். அதற்குள் திரையை விலக்கியிருந்த அமா-லே, உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். நான் பாதி குடிக்கும் முன்பே மறுபடி நிரப்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில ராத்திரிகளில் 2 மணிக்கு விழிப்பு வரத்தான் செய்கிறது. மாடிக்குப் போவேன். நம் ஊர் வெளிச்சத்தில் கார்த்திகை பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலாகத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே வந்து படுத்துக்கொள்கிறேன்.

வணக்கம்.