அணு உலையும் அரசின் சொல்லும்

அனைவருக்கும் வணக்கம்.

கையில் ஒரு சாக்பீஸ் கொண்டுவந்திருக்கிறேன். இதை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒடிக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, சுண்டுவிரல் நுனி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அணு உலைக்குள் போகிற யுரேனிய வில்லை ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும். எடை ஏழெட்டு கிராம். இது தருகிற வெப்பத்தை நிலக்கரியிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் சுமார் ஒரு டன் எரிக்க வேண்டும். புகையும் இல்லை, கரியமில வாயுவும் இல்லை.

இதைக் கேட்டதும் யாருக்கும் ஒரு கேள்வி வரும். இவ்வளவு சின்ன வில்லையில் இவ்வளவு சக்தி என்றால், அணுமின்சாரம் கொள்ளை மலிவாக அல்லவா கிடைக்க வேண்டும்? பல நாடுகளில் ஏன் அது மிக விலை உயர்ந்த மின்சாரங்களில் ஒன்றாக இருக்கிறது?

நான் இன்றைக்குப் பேச வந்தது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். எரிவாயுவில் ஓடும் மின் நிலையத்தில் செலவின் பெரும்பகுதி எரிபொருளுக்குப் போகிறது. அணுமின் நிலையத்தில் எரிபொருள் சிறிய பங்குதான். செலவின் பெரும்பகுதி கட்டுமானத்தில் இருக்கிறது. கட்டுமானத்துக்கான பணம் கடனாக வருகிறது. கடன் என்றால் வட்டி. உலை ஓடத் தொடங்கும் வரை ஒரு யூனிட்கூட விற்க முடியாது, ஆனால் வட்டி மட்டும் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்குப் பத்து வீதம் பத்து வருடம் செலவு செய்து ஓர் உலை கட்டுகிறோம். போட்ட முதல் நூறு. வட்டி மூன்று சதவீதம் என்றால் முடிகிற அன்று கடன் சுமார் 115. அதே உலை, அதே சிமென்ட், அதே இரும்பு, வட்டி மட்டும் ஒன்பது சதவீதம் என்றால் கடன் சுமார் 152. சரி, வேலை ஐந்து வருடம் தாமதமாகிறது, கூடுதல் செலவு எதுவும் இல்லை, வெறும் காத்திருப்புதான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சதவீதத்தில் கடன் 133 ஆகும். ஒன்பது சதவீதத்தில் 234-ஐத் தொடும். முதல் நூறுதான் என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டு உலைகளுக்கும் இடையே இயற்பியலில் எந்த வித்தியாசமும் இல்லை.

அந்த வட்டி விகிதத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? கடன் கொடுப்பவர் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தத் திட்டம் முடியுமா, நடுவில் அரசு மாறினால் நிற்குமா, நின்றால் என் பணம் யார் தலையில் விடியும்? இதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. அணுசக்திக் கொள்கையின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் நாம் பெரும்பாலும் உலையின் வகையைப் பற்றித்தான் சண்டை போடுகிறோம்.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிங்க்லி பாயின்ட் சி நிலையத்துக்கு அந்த அரசு கொடுத்த வாக்கு இது: மின்சாரம் வர ஆரம்பித்த பிறகு, 2012-ஆம் ஆண்டு விலையில், ஆயிரம் யூனிட்டுக்கு 92.50 பவுண்டு வீதம் 35 ஆண்டுகளுக்கு உறுதி. கட்டி முடிக்கும் வரை எல்லா ஆபத்தும் கட்டுபவருடையது. கேட்பதற்கு மக்களுக்கு நல்ல ஏற்பாடு போலத்தான் இருக்கிறது. ஆனால் ஆபத்தைத் தனியாகச் சுமப்பவர் அதற்கு விலை போடாமல் இருப்பாரா? அந்த விலைதான் அந்த 92.50-க்குள் உட்கார்ந்திருக்கிறது. 1,800 கோடி பவுண்டு என்று சொல்லப்பட்ட திட்டம், 2024 ஜனவரியில் வெளியான மதிப்பீட்டில் 3,100 முதல் 3,500 கோடி வரை போய்விட்டது. அதுவும் 2015 விலையில் போட்ட கணக்கு.

அடுத்த திட்டமான சைஸ்வெல் சி-க்கு வேறு வழி பிடித்தார்கள். 2022-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, கட்டுமானம் நடக்கும்போதே மின் நுகர்வோரின் கட்டணத்தில் ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கலாம் என்றார்கள். 2025 ஜூலையில் முதலீட்டு முடிவு எட்டியபோது அரசே 44.9 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. வட்டி குறைய இது உதவும். ஆனால் இன்னும் எரியாத விளக்குக்கு இன்றைக்கே பணம் கட்டுகிறார்கள்.

இதில் உள்ள ஆபத்து என்னவென்று தெரிய வேண்டுமானால் அமெரிக்காவின் தென் கரோலினாவைப் பாருங்கள். 2007-இல் அந்த மாநிலம் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. அதை நம்பி வி.சி. சம்மர் என்ற இடத்தில் இரண்டு உலைகள் கட்ட ஆரம்பித்தார்கள். மக்களின் மின் கட்டணம் ஒன்பது முறை உயர்ந்தது. சுமார் 900 கோடி டாலர் செலவான பிறகு, 2017 ஜூலை 31 அன்று திட்டத்தைக் கைவிட்டார்கள். ஒரு யூனிட் மின்சாரம் வரவில்லை, கட்டணம் மட்டும் நின்றபாடில்லை. உண்மை நிலையை மறைத்த குற்றத்துக்காக அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அது கிடைத்தென்ன, மாதாமாதம் கட்டிய குடும்பத்துக்கு அந்தப் பணம் பணம்தானே.

ஆகவே என் கருத்தை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அணுமின்சாரம் வேண்டும். ஆபத்தில் மக்களைப் பங்காளியாக்குவதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பங்காளி என்றால் முழுப் பங்காளி. உரிமையில் பங்கு வேண்டும், கணக்குப் புத்தகம் திறந்திருக்க வேண்டும், எத்தனை சதவீத வேலை முடிந்தது என்பது மாதாமாதம் யாரும் படிக்கிற மாதிரி வெளியாக வேண்டும். நஷ்டத்தில் மட்டும் கூட்டு என்றால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், உள்நாட்டு முதலீடு. இந்தச் சொல்லைக் கேட்டதும் பணம்தான் நினைவுக்கு வருகிறது. நான் சொல்ல வருவது கைகளைப் பற்றி.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974 மார்ச்சில் பிரான்சின் பிரதமர் பியர் மெஸ்மெர் ஒரு திட்டம் அறிவித்தார். அதிலிருந்து அந்த நாடு ஐம்பதுக்கும் மேற்பட்ட உலைகளைக் கட்டியது. மூன்றே அளவுகள்; அதையே திரும்பத் திரும்பக் கட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்குள் மின்சாரத்தில் முக்கால் பங்கு அணு உலைகளிலிருந்து வந்தது. பிறகு என்ன நடந்தது? 1991-க்குப் பின் 2007 வரை புதிதாக ஓர் உலைக்கும் கட்டுமானம் தொடங்கவில்லை. 2007 டிசம்பரில் ஃபிளமான்வில் என்ற கடலோர ஊரில் மூன்றாவது உலையைத் தொடங்கினார்கள். இடையில் போன பதினாறு வருடத்தில் பழைய வெல்டர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், மேஸ்திரிகளும் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

உலையைச் சுற்றிக் காங்கிரீட்டில் இரட்டைச் சுவர் இருக்கும். அதைத் துளைத்துக்கொண்டு தடித்த நீராவிக் குழாய்கள் வெளியே வரும். அந்த இரு சுவர்களுக்கும் இடையில், ஆள் எளிதில் போக முடியாத இடத்தில், எட்டு வெல்டிங் மூட்டுகள் தரக்குறைவாக இருந்தன. 2019-இல் அந்நாட்டு அணுப் பாதுகாப்பு அமைப்பு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டது, அவற்றைச் சரி செய்யாமல் உலை ஓடக் கூடாது என்று. குழாய்க்குள் அனுப்ப ரோபோக்களைப் புதிதாக உருவாக்கித்தான் அந்த வேலையை முடிக்க முடிந்தது. 330 கோடி யூரோ என்று ஆரம்பித்த திட்டம் 1,320 கோடியைத் தாண்டியது. மின்கட்டமைப்பில் அந்த உலை இணைந்தது 2024 டிசம்பரில். பதினேழு வருடம்! அணு உலை கட்டுவதில் உலகத்துக்கே வழிகாட்டிய நாடு அது. கைப்பழக்கம் விட்டுப்போனால் திரும்ப வருவதற்கு இவ்வளவு விலை.

இதே காலத்தில் தென் கொரியா விடாமல் கட்டிக்கொண்டே இருந்தது. 2009 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தோடு ஒப்பந்தம் போட்டு, பராக்காவில் நான்கு உலைகளை ஒரே வரைபடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக ஒரு வருட இடைவெளியில் தொடங்கினார்கள். முதல் உலையில் கற்ற ஆட்கள் அப்படியே இரண்டாவது உலைக்கு நகர்ந்தார்கள். 2024 செப்டம்பரில் நான்காவதும் ஓடத் தொடங்கிவிட்டது. அந்நாட்டின் மின்சாரத்தில் கால் பங்கு இன்று அங்கிருந்து வருகிறது. தாமதம் அங்கேயும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

இந்தியாவும் இதில் ஒரு பாடம். 1974 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு கனடா விலகிக்கொண்டது. ராஜஸ்தானில் பாதியில் நின்ற உலையை நாமே முடிக்க வேண்டியிருந்தது. 220 மெகாவாட்டில் தொடங்கி 540, 700 என்று கை தேறியது. 2017-இல் 700 மெகாவாட் உலைகள் பத்துக்கு ஒரே மூச்சில் அனுமதி கொடுத்தார்கள். ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த ஆர்டர் வருமா வராதா என்று தெரியாமல் எந்தத் தொழிற்சாலையும் இயந்திரம் வாங்கிப் போடாது. வேகம் இன்னும் போதாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிலர் கேட்பார்கள், சூரிய மின்சாரம் இவ்வளவு மலிவான பிறகு அணு உலை எதற்கு என்று. நியாயமான கேள்விதான். சோலார் தகடுகளின் விலை 2010-களில் ஏறத்தாழ 90 சதவீதம் விழுந்தது. அதோடு, சோலாரில் கட்டும் காலத்து வட்டிக்கு வேலை குறைவு. தகடு பதித்துச் சில மாதங்களில் காசு வர ஆரம்பித்துவிடும். ஆனால் சூரியன் மறைந்த பிறகும், மழைக்காலத்து நீண்ட மேகமூட்டத்திலும் மருத்துவமனை ஓடியாக வேண்டும். பேட்டரி சில மணி நேரத்தைத் தாங்கும், வாரங்களைத் தாங்காது. இரண்டையும் எதிரிகளாக நிறுத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தச் சண்டையில் லாபம் அடைவது நிலக்கரிதான்.

சோலாரின் கதையிலும் அரசின் சொல்தான் நாயகன். ஜெர்மனி 2000-ஆம் ஆண்டில், சூரிய மின்சாரத்துக்கு இருபது வருடம் உறுதியான விலை என்று சட்டம் போட்டது. அந்தச் சொல்லை நம்பி உலகமே தகடு செய்ய ஆரம்பித்தது. ஆனால் தகடு பதிப்பதற்குக் காட்டிய அக்கறையைத் தகடு செய்வதற்கு ஜெர்மனி காட்டவில்லை. உலகின் முதல் இடத்தில் இருந்த ஜெர்மன் செல் நிறுவனமே 2012-இல் திவாலானது. இன்று தகடு தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது.

அதே ஜெர்மனி அணுசக்தியில் என்ன செய்தது? 2002-இல் உலைகளை மூடச் சட்டம். 2010-இல் ஆயுள் நீட்டிப்பு. 2011-இல் ஜப்பானில் சுனாமியால் நேர்ந்த ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு மறுபடியும் மூடல். முன்னும் பின்னும் மாற்றியதற்கு மின் நிறுவனங்களுக்கு சுமார் 240 கோடி யூரோ இழப்பீடு கொடுக்க வேண்டிவந்தது. 2023 ஏப்ரல் 15-இல் கடைசி மூன்று உலைகளும் நின்றன. அமெரிக்காவில் 2022-இல் தூய ஆற்றலுக்கு என்று பெரிய வரிச்சலுகைச் சட்டம் வந்தது. மூன்றே வருடத்தில், 2025 ஜூலையில், காற்றாலைக்கும் சோலாருக்குமான சலுகைகளைச் சுருக்கிவிட்டார்கள். ஒரு தொழிற்சாலை கட்டி முடிக்கவே மூன்று வருடம் ஆகிறது!

ஃபுகுஷிமா என்று சொன்னேன், அதைத் தாண்டிப் போக முடியாது. 2011-இல் ஜப்பானின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, அணுசக்தியை வளர்க்கும் அதே அமைச்சகத்தின் கீழ் இருந்தது. கண்காணிக்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பவரே கண்காணிக்கப்படுகிறவர் என்றால் யார் யாரைக் கேட்பது? நாடாளுமன்ற விசாரணைக் குழு அதை மனிதர்களால் நேர்ந்த பேரழிவு என்றே எழுதியது. சுனாமிக்கு யாரும் பொறுப்பில்லை. கடல்சுவரின் உயரத்துக்குப் பொறுப்பு உண்டு. பாதுகாப்பு அமைப்பு சுதந்திரமாக இல்லாத நாட்டில் உலை கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன், வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

கடைசியாக, மக்களை எப்போது கேட்பது என்பது. ஆஸ்திரியா ஸ்வென்டென்டார்ஃபில் ஓர் உலையை முழுதாகக் கட்டி முடித்தது. அதன் பிறகு 1978 நவம்பர் 5 அன்று வாக்கெடுப்பு. வேண்டாம் என்றவர்கள் 50.47 சதவீதம். உலை ஒருநாள்கூட ஓடவில்லை, இன்றும் அப்படியே நிற்கிறது.

பின்லாந்து முதலிலேயே கேட்டது. கழிவை எங்கே புதைப்பது என்பதுதான் அணுசக்தியில் எல்லாரையும் பயமுறுத்தும் கேள்வி. அந்நாட்டுச் சட்டப்படி, எந்த ஊராட்சியில் புதைக்கிறார்களோ அந்த ஊராட்சி வேண்டாம் என்றால் திட்டம் அத்தோடு முடிந்தது. நாடாளுமன்றத்தால்கூட அதை மீற முடியாது. யூராயோக்கி என்ற ஊராட்சி 2000-இல் சம்மதம் சொன்னது. 2001-இல் நாடாளுமன்றம் ஏற்றது, எதிர்த்தவர்கள் மூன்றே பேர். 2004-இல் பாறையைக் குடைய ஆரம்பித்தார்கள். பயன்படுத்திய எரிபொருளைச் செம்பு உறைகளில் அடைத்து, சுற்றிலும் களிமண் வைத்து, நானூறு மீட்டருக்கும் கீழே இறக்கி வைப்பதற்கான சுரங்கம் அது. ஓங்கலோ என்று பெயர். 2000-இல் அந்தச் சம்மதத்தைக் கொடுத்த பிறகு பின்லாந்தில் அரசுகள் பலமுறை மாறின. அந்தத் திட்டத்தை எந்த அரசும் கைவிடவில்லை.