கேட்டு வாங்கிக் கொடுத்த பெண்கள் | ரெபெக்கா கிராட்ஸ் முதல் ஹென்ரியெட்டா சோல்ட் வரை

வணக்கம் மக்களே. தானம் கொடுத்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கிறோம். வீடு வீடாகப் போய்க் கேட்டு, ரசீது எழுதி, கணக்கு ஒப்படைத்து, அடுத்த வருஷமும் அதே வாசலில் போய் நிற்கிறாரே ஒருவர், அவர் பெயர் எங்கேயும் இருக்காது. அந்த வேலையை ஆயுள் முழுக்கச் செய்த அமெரிக்க யூதப் பெண்களைப் பற்றித்தான் இன்றைய வீடியோ. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

முதலில் திரையில் தெரிகிற இந்தப் படத்தைப் பாருங்கள். மேல்சட்டையில் குத்திக்கொள்கிற தங்கப் புரோச், சின்னதாக ஒரு சிங்கம். பைபிள் படித்தவர்களுக்குத் தெரியும், யூதா கோத்திரத்துச் சிங்கம். 1972இல் மியாமியில் நார்மா கிப்னிஸ் வில்சன், டோபி ஃப்ரீட்லேண்ட் என்ற இரண்டு பெண்கள் தொடங்கியது இது. யூத சமூக நிதிக்கு வருஷம் குறைந்தது 5,000 டாலர் தன் பெயரில் கொடுக்கிற பெண் இதை அணியலாம். தொகை கூடக் கூடச் சிங்கத்தில் கல் ஏறும்.

கொடுத்ததை இப்படிக் குத்திக்கொண்டு காட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தானத்துக்கு எட்டுப் படி வகுத்த யூத ஞானி மைமோனிடிஸ், யார் கொடுத்தார் யார் வாங்கினார் என்று இருவருக்குமே தெரியாத தானத்தை மேலிருந்து இரண்டாவது படியில் வைக்கிறார். ஆனால் அந்தப் புரோச் வந்த காலத்தை யோசியுங்கள். பல குடும்பங்களில் மொத்தக் கொடையும் கணவர் பெயரில்தான் பதிவாகும். வருஷக்கணக்காகக் கூட்டம் நடத்தி, போன் போட்டு, சமைத்துப் பரிமாறி நிதி சேர்த்த பெண்ணின் பெயர் பட்டியலிலேயே இருக்காது. அவளுக்குத் தன் பெயர் வெளியே தெரிவது முக்கியம் என்றுதான் நான் நினைக்கிறேன். இன்னொன்று, ஒரு விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் 'இது என்னங்க?' என்று கேட்டாலே போதும், பாதி வேலை முடிந்தது. பணம் கேட்பதில் கஷ்டமே பேச்சை எடுப்பதுதானே.

இந்தப் பாதையில் ரொம்ப முன்னாலேயே நடந்தவர் பிலடெல்பியாவின் ரெபெக்கா கிராட்ஸ். பிறந்தது 1781. இருபது வயதில், 1801இல், யூத, கிறிஸ்தவப் பெண்களோடு சேர்ந்து, நொடித்துப்போன குடும்பங்களின் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ ஒரு சங்கம் வைத்தார். 1819இல் யூதப் பெண்களுக்கென்றே தனிச் சங்கம், 1838இல் யூதக் குழந்தைகளுக்கு ஞாயிறு பள்ளி, 1855இல் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம். திருமணம் செய்துகொள்ளவில்லை. சங்கச் செயலாளராகப் பல பத்தாண்டுகள் அறிக்கை எழுதியது, கணக்கு சொன்னது எல்லாம் அவர்தான்.

சரி, இப்போது நான் அதிகம் பேச ஆசைப்படுகிறவரிடம் வருகிறேன். ஹென்ரியெட்டா சோல்ட். 1860இல் பால்டிமோரில் ஒரு ரப்பியின், அதாவது யூத மதகுருவின், மூத்த மகளாகப் பிறந்தவர். அந்த வீட்டில் எட்டும் பெண் குழந்தைகள். ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த யூதர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க 1889இல் இரவுப் பள்ளி நடத்தினார். 1909இல் அம்மாவோடு பாலஸ்தீனம் போனார். அப்போது அது துருக்கியர் ஆட்சி. அங்கே அவர் கண்டது டிராக்கோமா. குழந்தைகளின் கண் சீழ் பிடித்து, அதில் ஈ மொய்த்துக்கொண்டிருக்கும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடும். ஊருக்குத் திரும்பிய பிறகு, 1912 பிப்ரவரி 24 அன்று, நியூயார்க்கின் எமானுவேல் ஜெப ஆலயத்தில் அவரும் ஒரு சில பெண்களும் கூடி 'ஹடாசா' சங்கத்தை ஆரம்பித்தார்கள். எஸ்தர் ராணி யூத மக்களைக் காப்பாற்றியதைக் கொண்டாடும் பூரிம் பண்டிகையை ஒட்டிய நாட்கள் அவை. எஸ்தர் ராணியின் இன்னொரு பெயர்தான் ஹடாசா.

அடுத்த வருஷமே ரோஸ் கப்லன், ரேச்சல் லாண்டி என்ற இரண்டு நர்சுகள் ஜெருசலேமுக்குக் கிளம்பினார்கள். பயணச் செலவுக்கு வணிகர் நேதன் ஸ்ட்ராஸ் உதவினார். போன நர்சுகள் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணுக்கு மருந்து போட்டார்கள், பிரசவம் பார்க்க உதவினார்கள். ஆனால் ஒரு பணக்காரர் கொடுப்பது ஆரம்பத்துக்குத்தான் ஆகும். மாசா மாசம் சம்பளம், மருந்து, பஞ்சு, சோப்பு எல்லாம் வேண்டுமே? அதற்குத்தான் அமெரிக்க நகரங்களில் கிளை கிளையாகப் பெண்கள். சந்தா பிரிப்பார்கள், மதிய விருந்து வைத்து நிதி கேட்பார்கள். தையல் குழுக்கள் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பும் குழந்தைச் சட்டையும் தைத்து அனுப்பும். 1918இல் ஜெருசலேமில் நர்சிங் பள்ளி வந்தது. தாய் சேய் நிலையங்கள் வந்தன. காய்ச்சிய பாலைக் கழுதை முதுகில் ஏற்றிக் கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாலுக்குப் பின்னால் எங்கோ ஓஹியோவிலோ நியூஜெர்சியிலோ ஒரு அம்மாவின் ரசீதுப் புத்தகம் இருக்கும். ஹடாசாவின் மருத்துவமனைகள் யூதர், அரபியர் இருவருக்கும் வைத்தியம் பார்த்தன. இரண்டு மக்களும் சேர்ந்து ஆளும் ஒரே நாடு வேண்டும் என்று சொன்ன சிறு குழுவில் சோல்ட் கடைசிக் காலத்தில் இருந்தார். அதற்காக அவர் பக்கத்து ஆட்களிடமே ஏச்சு வாங்கினார்.

1916ஆம் வருஷத்தில் இரண்டு சம்பவங்கள். ஒன்று, நீதிபதி ஜூலியன் மேக்கும் சில நண்பர்களும் சேர்ந்து சோல்டுக்கு ஆயுள் முழுக்க ஒரு வருமானத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். அதுவரை பார்த்துவந்த பதிப்பக வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் தொண்டில் இறங்கினார். தொண்டு செய்கிறவருக்கும் வயிறு உண்டு, வாடகை உண்டு. அதை உணர்ந்து கொடுத்த அந்தக் கொடையை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன். இரண்டாவது, அவர் அம்மா இறந்தது. இறந்தவருக்காகச் சொல்லும் 'கதீஷ்' ஜெபத்தை மரபுப்படி மகன்தான் சொல்ல வேண்டும். மகன் இல்லாத வீடு என்பதால் ஒரு நண்பர் தான் சொல்வதாக முன்வந்தார். சோல்ட் நன்றி சொல்லி மறுத்துக் கடிதம் எழுதினார், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று. கொள்ளி போட மகன் இல்லையே என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நம் பெண்களுக்கு அந்தக் கடிதம் எழுதிய கை எவ்வளவு உறுதியானது என்று புரியும்.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு, ஹிட்லர் ஜெர்மனியிலிருந்து யூதப் பிள்ளைகளை வெளியே கொண்டுவரும் இயக்கத்தின் பொறுப்பையும் ஏற்றார். பாலஸ்தீனத்தை அப்போது ஆண்ட பிரிட்டிஷார் அனுமதி கொடுக்க வேண்டுமானால், ஒவ்வொரு பிள்ளையின் பராமரிப்புச் செலவுக்கும் உத்தரவாதம் காட்ட வேண்டும். அதாவது, சேர்ந்த பணத்தைப் பொறுத்துத்தான் வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை. 1935 முதல் அமெரிக்காவில் அந்தப் பணத்தைத் திரட்டியது ஹடாசா பெண்கள். ஒரு போன் கூடுதலாகப் போட்டால் ஒரு பிள்ளை கூடுதலாக வரும் என்ற நிலையில் உட்கார்ந்து கேட்பது எப்படி இருந்திருக்கும்! சோல்ட் 1945இல் ஜெருசலேமில், ஹடாசா கட்டிய ஸ்கோபஸ் மலை மருத்துவமனையிலேயே காலமானார்.

அப்புறம், அந்தச் சிங்கப் புரோச்சைப் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. 1,00,000 டாலர் மூலதனமாக எழுதி வைத்தால், அதன் வருமானத்திலிருந்து வருஷம் 5,000 டாலர் அந்தப் பெண் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே போய்க்கொண்டிருக்கும். அப்படி எழுதி வைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பிள்ளைகளை மீட்ட இயக்கத்துக்கு முதலில் யோசனை வந்தது சோல்டுக்கு இல்லை, பெர்லினில் இருந்த ரெகா ஃபிரையர் என்ற பெண்ணுக்கு. அவருக்குச் சேர வேண்டிய பெயர் முழுதாகச் சேரவில்லை. அடுத்த வீடியோ அவரைப் பற்றித்தான்.