முன்பக்கத்தை அடிமட்டம் வைச்சுப் படிப்பம்

வணக்கம், திருகோணமலையில இருந்து பேசுறன். மேசையில ரெண்டு பத்திரிகை விரிச்சிருக்கு: ஒரே திகதி வீரகேசரியும் தினகரனும். முன்பக்கம் அரசியலை எங்களுக்கு எப்பிடிக் காட்டுது எண்டு அளந்து பார்க்கப் போறம். உயர்தரத்தில ஊடகக் கற்கை எடுக்கிற பிள்ளைகளுக்கு உதவும். வாக்குப் போடுற ஆக்களுக்கு இன்னும் உதவும்.

முதல்ல, பத்திரிகை யார்ட கையில? வீரகேசரி 1930 இல தொடங்கினது, தனியார். தினகரன் லேக் ஹவுஸ் வெளியீடு, 1973 இல இருந்து அந்த நிறுவனம் அரசாங்கத்தின்ட கட்டுப்பாட்டில. இதைக் குறிச்சு வைங்க, ஆனா இதை மட்டும் வைச்சுத் தீர்ப்புச் சொல்லாதீங்க.

இப்ப அடிமட்டம். ஒரு செய்தி எத்தனை பத்தி அகலம், எத்தனை சென்ரிமீற்றர் உயரம் எண்டு பார்த்துப் பெருக்குங்க. 5 பத்தி, 20 சென்ரிமீற்றர் எண்டா 100. தலைப்பு, படம், எழுத்து மூண்டையும் தனித்தனியா எழுதுங்க. தலைப்பு பெருசு, கீழ விசயம் நாலு வரி எண்டா, அது அங்கதான் பிடிபடும். மடிப்புக்கு மேலயா கீழயா எண்டும் குறியுங்க. கடையில அடுக்கி வைச்சிருக்கேக்க மேல்பாதிதான் கண்ணில படும். விளம்பரத்தைக் கழிச்சிடுங்க. ஃபோனில பார்த்து இதைச் செய்யேலாது. பெருப்பிச்சுப் பார்த்தா எல்லாச் செய்தியும் ஒரே அளவாத் தெரியும்.

அடுத்தது தலைப்பு. எங்கட ஊர் விசயத்தையே எடுப்பம். சீனன்குடா எண்ணெய்க் குதத்தில 99 தாங்கி. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின்ட கிளையான லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 ரெண்டு பேரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு, அதில கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். பயிற்சிக்கு நானே ரெண்டு தலைப்பு எழுதினன்: '85 தாங்கிகளில் இலங்கைக்குப் பங்கு', '75 தாங்கிகளில் இந்தியாவுக்குப் பங்கு'. ரெண்டிலயும் பொய் இல்லை. அந்த 61 ரெண்டு பக்கமும் எண்ணப்படுது, அவ்வளவுதான். ஆனா முதலாவதைப் படிச்சவர் ஆறுதலாத் தேத்தண்ணி குடிப்பார், ரெண்டாவதைப் படிச்சவர் கோவத்தில இருப்பார். அதால தலைப்பில ஒரு எண் வந்தா, உள்ள போய் மொத்த எண்ணைத் தேடுங்க. மொத்தம் முதல் மூண்டு பந்திக்குள்ள இல்லையெண்டா அதையும் எழுதுங்க.

வினைச்சொல்லுக்கு ஒரு நிறப் பேனை வைச்சிருங்க. 'தெரிவித்தார்', 'சாடினார்', 'எச்சரித்தார்': ஆருக்கு எது கிடைக்குது? 'காணி சுவீகரிக்கப்பட்டது' எண்டு வந்தா, சுவீகரிச்சது எந்தத் திணைக்களம் எண்டு செய்தி முழுக்கத் தேடிப் பாருங்க. பேர் இல்லாட்டி வட்டம் போடுங்க. சந்தேகநபர் ஒருத்தருக்கு 'கைதானார்', இன்னொருத்தருக்கு 'கைதானான்' எண்டு விகுதி மாறினா, வழக்கு முடிய முந்தியே பத்திரிகை தீர்ப்பெழுதிட்டுது. 'வடகிழக்கு' எண்டு ஒரே சொல்லா எழுதுறதும் 'வடக்கு, கிழக்கு மாகாணங்கள்' எண்டு பிரிச்சு எழுதுறதும் கூட நிலைப்பாடுதான். 2006 உயர் நீதிமன்றத் தீர்ப்போட ரெண்டு மாகாணமும் பிரிஞ்ச பிறகு அது இன்னும் கூர்மை.

படத்தில நிண்டு நிதானிங்க. ஆர் எடுத்தது, எங்க, எப்ப, படவிளக்கத்தில இருக்கா? பழைய கோப்புப் படமா? 2006 ஜனவரி 2 இல எங்கட கடற்கரையில அஞ்சு மாணவர் கொல்லப்பட்டினம். அவங்கட கையில இருந்த குண்டு வெடிச்சுச் செத்ததா இராணுவத் தரப்பு சொல்லிச்சு. சுடர் ஒளி பத்திரிகைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயத்தைக் காட்டிச்சு. அதே மாசம் 24ஆம் திகதி அவரையும் இந்த ஊரிலயே சுட்டுக் கொலை செய்தாங்க. ஒரு படம் சாட்சியா நிக்கிறதுக்கும் பக்கத்தை நிரப்புறதுக்கும் எவ்வளவு தூரம் எண்டு அந்தப் படங்களை வைச்சு யோசிச்சுப் பாருங்க.

கடைசியா, நாங்க பிழை விடுற இடங்கள். ஒரு நாள் பத்திரிகையை வைச்சு முடிவு சொல்லாதீங்க, 14 நாளாவது வேணும். தூர ஊருக்கு வாற பதிப்பு முந்தியே அச்சுக்குப் போயிடும். இரவு பிந்தி நடந்த வாக்கெடுப்பு அதில இல்லையெண்டா, 'மறைச்சிட்டாங்க' எண்டு எழுத முதல் அடுத்த நாள் பத்திரிகையைப் பாருங்க.