சபையில் எழுந்த சிரிப்பு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தில் ஏழாம் பகுதி வேலைவாய்ப்பு பற்றியது. இனம், நிறம், மதம், பாலினம், பூர்விக நாடு, இந்த ஐந்தையும் காரணமாக்கி ஒருவருக்கு வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இதில் 'பாலினம்' கடைசி நேரத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சொல். எப்படி வந்தது?

தேடலைச் சட்டத்தின் எண்ணிலிருந்து தொடங்கலாம். 88-352. அதாவது, 88ஆவது காங்கிரஸின் 352ஆவது சட்டம். காங்கிரஸ் என்றால் நம் ஊர்க் கட்சி இல்லை, பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு அவைகள் கொண்ட அவர்களுடைய நாடாளுமன்றம்; 88ஆவது என்பது அதன் பதவிக்கால வரிசை எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் மசோதா எண் கிடைக்கும். அங்கிருந்து, மசோதாவை ஆராய்ந்த உறுப்பினர் குழுவின் அறிக்கை. சட்டம் எதற்காக வந்தது என்று அறிய வழக்கறிஞர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். ஆனால் பிரதிநிதிகள் சபைக் குழு அனுப்பிய மசோதாவில் அந்தச் சொல் இல்லை. செனட்டிலோ குழு அறிக்கையே கிடையாது. கறுப்பினத்தவரின் சம உரிமையை எதிர்த்த தென் மாநிலமான மிசிசிப்பியைச் சேர்ந்தவர் தலைமை வகித்த குழுவுக்குப் போனால் மசோதா அங்கேயே முடங்கிவிடும் என்று, நேரே அவைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சரி, மிச்சம் இருப்பது அவை விவாதப் பதிவு. 1964 பிப்ரவரி 8, சனிக்கிழமை, பிரதிநிதிகள் சபை. மசோதாவின் கடும் எதிர்ப்பாளரான வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித் எழுந்து, பாலினத்தையும் சேர்க்கச் சொல்கிறார். நாட்டில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாம், மாப்பிள்ளைக்குத் தட்டுப்பாடாம்; இப்படி ஒரு பெண் எழுதிய கடிதத்தை வாசிக்கிறார். அவை சிரிக்கிறது. மிச்சிகனின் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து, பெண்கள் இரண்டாந்தரம் என்பதற்கு இந்தச் சிரிப்பே போதும் என்கிறார். 168க்கு 133 என்று திருத்தம் நிறைவேறியது.

இந்தச் சொல் சேர்ந்தால் மற்றவர்களும் எதிர்ப்பார்கள் என்று, மசோதாவைக் கவிழ்க்கத்தான் ஸ்மித் இதைச் செய்தார் எனப் பலர் முடித்துவிடுவார்கள். பழைய பதிவுகளையும் பார்த்தால், பெண்களின் சம உரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தத்தை அவர் வெகுநாளாக ஆதரித்தவர். இரண்டு எண்ணமும் அவருக்கு இருந்தது என்பது என் கணிப்பு. இன்னொன்று: பேசியதை உறுப்பினர்கள் பிறகு திருத்திக் கொடுக்க அங்கே அனுமதி உண்டு. அச்சிலிருப்பது அத்தனையும் அவையில் ஒலித்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

1986இல் வேலையிடத்துப் பாலியல் தொல்லை வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதிகளும் இந்தப் பக்கங்களைத் தேடினார்கள். கடைசி நிமிடத்தில் சேர்ந்த சொல், வழிகாட்டப் பின்னணி அதிகம் இல்லை என்றார்கள். ஆனாலும், அத்தகைய தொல்லையும் பாலினப் பாகுபாடுதான் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.