தனித்த ஜோடி எங்கே இருக்கிறது?

வணக்கம் நேயர்களே. தாளும் பென்சிலும் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அணுவில் எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள பகுதிதான் ஆர்பிட்டால். கரும்பலகை இல்லாமல் அதைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் சிரமம்.

கார்பனின் வெளிக்கூட்டில் 2எஸ்-இல் இரண்டு, 2பி-யில் இரண்டு என நான்கு எலக்ட்ரான்கள். இணை சேராதவை பி-யில் உள்ள இரண்டு மட்டுமே. அப்படியிருக்க, மீத்தேனில் நான்கு பிணைப்புகளும் ஒரே நீளத்தில், 109.5 பாகை கோணத்தில் அமைவது எப்படி? 1931-இல் லைனஸ் பாலிங் தந்த விடைதான் இனக்கலப்பு. ஒரு எஸ், மூன்று பி ஆர்பிட்டால்களைக் கலந்து, ஒத்த நான்கு எஸ்பி3 ஆர்பிட்டால்களாகக் கொள்கிறோம். இது நம்முடைய கணக்கு வழி. கார்பன் முதலில் கலந்துவிட்டு ஹைட்ரஜனுக்காகக் காத்திருப்பதில்லை.

ஓர் அணுவின் இனக்கலப்பைக் கண்டுபிடிக்க, பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் ஜோடிகளை விடாமல் லூயிஸ் அமைப்பை, அதாவது பிணைப்புகளைக் கோடுகளாகவும் தனித்த ஜோடிகளைப் புள்ளிகளாகவும் காட்டும் படத்தை, வரையுங்கள். அந்த அணுவின் சிக்மா பிணைப்புகளையும் (ஆர்பிட்டால்கள் நேருக்கு நேர் மேற்பொருந்தி உண்டாபவை) தனித்த ஜோடிகளையும் கூட்டுங்கள். நான்கு வந்தால் எஸ்பி3, மூன்று எஸ்பி2, இரண்டு எஸ்பி. இரட்டைப் பிணைப்போ முப்பிணைப்போ, சிக்மா ஒன்றுதான், மீதி பை. இதை மறந்து எத்திலீன் கார்பனுக்கு நான்கு என்று எண்ணிவிடுவார்கள்.

பை பிணைப்பு, பி ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில் மேற்பொருந்துவதால் உண்டாவது. படத்தில் மடல்களுக்குள் போடும் கூட்டல், கழித்தல் குறிகளை மின்சுமை என்று நினைத்துவிடாதீர்கள். அவை அலைச்சார்பின், அதாவது எலக்ட்ரானை விவரிக்கும் கணிதச் சார்பின், குறிகள். ஒரே குறியுள்ள மடல்கள் சேர்ந்தால்தான் பிணைப்பு. ஒரு முனையை 90 பாகை திருப்பினால் மேற்பொருந்தலே அற்றுப்போகும். ஈத்தேனில் சுழற்சிக்கான தடை மோலுக்குச் சுமார் 12 கிலோஜூல். எத்திலீனிலோ 260-ஐ ஒட்டி வரும். 2-பியூட்டீனின் சிஸ் (முனைத் தொகுதிகள் ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிர்ப்பக்கம்) வடிவங்கள் தனித்தனிச் சேர்மங்களாக நிற்பது அதனால்தான்.

இனி, கூட்டல் விதி சறுக்கும் இடம். அமைடு நைட்ரஜனுக்கு மூன்று சிக்மா, ஒரு தனித்த ஜோடி. விதிப்படி எஸ்பி3, உண்மையில் எஸ்பி2. பக்கத்திலேயே கார்பனைல், அதாவது கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு, இருக்கிறது. தனித்த ஜோடி பி ஆர்பிட்டாலில் இருந்தால் அந்தப் பை அமைப்போடு கலந்து பரவலாம், ஆற்றல் குறையும். அளந்து பார்த்தாலும் தெரியும்: சாதாரண அமீனில் கார்பன்-நைட்ரஜன் தூரம் சுமார் 147 பிகோமீட்டர், புரதத்தின் பெப்டைடு பிணைப்பில் 133. ஆகவே எண்ணி முடித்ததும், அடுத்த அணுவில் பை பிணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிரிடின், பிர்ரோல் இரண்டும் நைட்ரஜன் உள்ள வளையச் சேர்மங்கள். இரண்டிலும் நைட்ரஜன் எஸ்பி2-தான். ஆனால் பிரிடின் நைட்ரஜன் ஏற்கெனவே இரட்டைப் பிணைப்பில் இருப்பதால், அதன் தனித்த ஜோடி வளையத்தின் தளத்தில், வெளிநோக்கி நிற்கிறது, புரோட்டானை ஏற்கும். பிர்ரோலில் அந்த ஜோடி அரோமேட்டிக் தன்மைக்கு (பை எலக்ட்ரான்கள் வளையம் முழுதும் பரவுவதால் வரும் கூடுதல் நிலைத்தன்மை) வேண்டிய ஆறு எலக்ட்ரான்களில் சேர்ந்துவிட்டது. அதைக் கொடுத்தால் அரோமேட்டிக் தன்மை போய்விடும். அதனால் பிர்ரோல் மிக மிக வலுக்குறைந்த காரம்.

இமிடசோலை வரைந்து பாருங்கள். அந்த வளையத்தில் இரண்டு நைட்ரஜன்கள், பிரிடின் வகை ஒன்று, பிர்ரோல் வகை ஒன்று. புரோட்டானை ஏற்பது ஹைட்ரஜன் இல்லாத நைட்ரஜன்தான்.