அழும்போது வரும் வீக்கம்: குழந்தைகளின் குடலிறக்கம் பற்றி

(கோத்தகிரியில் அங்கன்வாடி டீச்சர்கள், எஸ்டேட் கிரீச் பணியாளர்கள், தாய்மார்கள் கூடிய கூட்டத்தில் குழந்தைகள் அறுவை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தத் தூறலிலும் சோலூர்மட்டத்திலிருந்தும் கீழ்கோத்தகிரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். கடைசி பஸ்ஸை யாரும் விட்டுவிடக் கூடாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தை வீறிட்டு அழும்போது தொடையிடுக்கில் ஒரு வீக்கம் எழும்பும். தூங்கினதும் மறைந்துவிடும். ஆண் குழந்தையானால் சில நேரம் விதைப்பை வரைக்கும் இறங்கும். இதுதான் குடலிறக்கம், ஹெர்னியா. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பேருக்கு வரும். குறைமாதத்தில் மிகச் சின்னதாகப் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு முப்பது பேர் வரைக்கும் போகும். பெண் குழந்தைகளைவிடப் பையன்களுக்குப் பல மடங்கு அதிகம்.

ஏன் வருகிறது? கருவில் ஆண் குழந்தையின் விதைகள் முதலில் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஏழாம் மாத வாக்கில் கீழே இறங்கும். அப்போது வயிற்றின் உள்ளுறையும் ஒரு குழாயாகக் கூடவே நீண்டு வரும். பிறப்பை ஒட்டி அந்தக் குழாய் தானே அடைபட்டுவிட வேண்டும். சிலருக்கு அடைபடாது. அந்த வழியில் குடல் இறங்கினால் ஹெர்னியா, வயிற்று நீர் மட்டும் கசிந்து இறங்கினால் ஓதம். வலது விதை கொஞ்சம் பிந்தி இறங்குவதால் பத்தில் ஆறு குழந்தைகளுக்கு வலது பக்கம்தான் வரும்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகிற அம்மாக்களிடம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? "நீ வேலைக்குப் போயிட்டே, பிள்ளை அழுது அழுது குடல் இறங்கிடுச்சு." அந்தப் பழி சுத்தமாகத் தப்பு. அழுகை ஓட்டையை உண்டாக்காது, பிறவியிலேயே இருக்கிற ஓட்டையைக் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். கிரீச்சில் பிள்ளை அழுததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இங்கே வந்திருக்கிற மாமியார்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் மலையில் இன்னொரு சிக்கல், குளிர். சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதன் மேல் கம்பளி, காலுக்கு சாக்ஸ் என்று சுற்றி வைத்திருப்போம். குளிப்பாட்டுவதும் வெந்நீரை ஊற்றி இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். தொடையிடுக்கை நின்று பார்க்கிற நேரம் எங்கே? அங்கன்வாடி டீச்சர்களே, துணி மாற்றும்போது குழந்தை அழுதால் சமாதானப்படுத்துவதற்கு முன்னால் ஒரு நொடி அந்த இடத்தைப் பாருங்கள். வீக்கம் தெரிந்தால் அம்மாவின் போனிலேயே ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் வந்து உட்கார்ந்தால் பிள்ளை சமர்த்தாகத் தூங்கும், வீக்கமும் ஒளிந்துகொள்ளும். அந்தப் படம் எங்களுக்குப் பாதி நோயறிதல். படம் இல்லாவிட்டால் நாங்கள் இடுப்பெலும்புக்கு மேலே விதை நாளத்தை, அதாவது விதைக்குப் போகிற கயிறு மாதிரியான நாளத்தை, விரலால் மெல்ல உருட்டிப் பார்ப்போம். அடைபடாத அந்தக் குழாய் உள்ளே பையாக இருந்தால் பட்டுத் துணியோடு பட்டுத் துணி உரசுகிற மாதிரி விரலில் தட்டுப்படும். ஆனால் அது கைப்பழக்கம், எல்லா நேரமும் தெரியாது. படம்தான் எனக்குப் பிடித்த சாட்சி.

பெண் குழந்தைகளுக்கு வேறு மாதிரி. அவரைக்கொட்டை அளவில் ஒரு கட்டி தொடையிடுக்கில் தட்டுப்படும். "நெறி கட்டியிருக்கு" என்று விட்டுவிடுவார்கள். பல சமயம் அது பைக்குள் இறங்கிவிட்ட சினைப்பை. அது முறுக்கிக்கொண்டால் சினைப்பையையே இழக்க நேரும். அதையும் சீக்கிரம் காட்ட வேண்டும்.

தொப்புள் பிதுக்கத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான தொப்புள் ஹெர்னியாக்கள் நான்கைந்து வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துத் துணியால் கட்டுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். காசால் ஓட்டை சின்னதாவதில்லை, தோல் புண்ணாவதுதான் மிச்சம். ஓதமும் அப்படித்தான், இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். பொறுத்திருக்கலாம்.

தொடையிடுக்கு ஹெர்னியா மட்டும் தானாகச் சரியாகும் என்று நம்பிப் பொறுத்திருக்கக் கூடாது. இன்று நான் வந்ததே இதைச் சொல்லத்தான். "நடக்க ஆரம்பிச்சா சரியாயிடும், கோவணத்தை இறுக்கிக் கட்டு" என்று பாட்டி சொல்வார். சரியாகாது. என்றைக்காவது ஒரு நாள் இறங்கின குடல் உள்ளே திரும்பாமல் அந்த ஓட்டையின் வாயில் சிக்கிக்கொள்ளும். வீக்கம் கல் மாதிரி இறுகும், தொட்டால் குழந்தை துடிக்கும், வாந்தி எடுக்கும். வாந்தி பச்சையாக வந்தால் குடல் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் குடலுக்கு ரத்த ஓட்டம் நிற்கும், கூடவே அழுத்தத்தில் விதைக்கும் நிற்கும். சிக்கிக்கொள்கிற ஆபத்து முதல் ஒரு வயதுக்குள்தான் மிக அதிகம். கனடாவில் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. கண்டுபிடித்த பிறகு 14 நாளைத் தாண்டிக் காத்திருந்தவர்களில் குடல் சிக்கியது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நூற்றுக்கு 5 என்று இருந்தது 10 ஆனது.

அது சாலை வசதி உள்ள ஊர்க் கணக்கு. நம் ஊருக்கு வாருங்கள். ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் மழை. நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மழை. மரம் விழும், மண் சரியும். 2009 நவம்பர் நிலச்சரிவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தைக்குக் குடல் சிக்கினால், மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போய்ச் சேர்வதற்குள் எத்தனை கொண்டை ஊசி வளைவு! 2025 ஏப்ரலில் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புதிய கட்டடம் திறந்தது நமக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் கைக்குழந்தைக்கு அறுவை என்றால் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டரும் வேண்டும், பச்சைக் குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் வேண்டும். நள்ளிரவில் இதையெல்லாம் தேடி அலைவதைவிட, நாமே ஒரு நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் குறித்துப் போவது எவ்வளவோ மேல்.

சிக்கிவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அமுக்கித் தள்ளாதீர்கள். பால் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்கள். மருத்துவமனையில் வலிக்கும் அமைதிக்கும் மருந்து கொடுத்து, கையால் மெல்ல அழுத்திப் பெரும்பாலும் உள்ளே அனுப்பிவிடுவோம். குடல் உள்ளே போனதும் "சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போறோம்" என்று கிளம்பாதீர்கள். வீக்கம் வற்ற ஒன்றிரண்டு நாள் விட்டு, அதே தடவையில் அறுவையை முடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அறுவை என்றதும் பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி வலை வைத்துத் தைப்பார்களோ என்று பயம். குழந்தைக்கு வலை வேண்டாம். பெரியவர்களுக்குத் தசை தளர்ந்து வருகிறது, குழந்தைக்குத் தசை நன்றாகத்தான் இருக்கிறது. அடைபடாத ஒரு குழாய் மட்டும்தான் கோளாறு. தொடையிடுக்கின் தோல் மடிப்பிலேயே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கீறுவோம். உள்ளே அந்தப் பையைத் தேடி எடுத்து, அதில் ஒட்டியிருக்கிற விந்துக்குழாயையும் ரத்தக் குழாய்களையும் மெல்லப் பிரித்து ஒதுக்க வேண்டும். மூன்று மாதக் குழந்தைக்கு விந்துக்குழாய் நூல் கனம்தான் இருக்கும். அதை இடுக்கியால் கிள்ளிப் பிடிக்கவே கூடாது. வேலையின் நுணுக்கம் முழுவதும் அந்த ஐந்து நிமிடத்தில்தான். பிறகு பையை முறுக்கி, வயிற்றுக்கு அருகே உயரத்தில் கட்டி, மிச்சத்தை வெட்டிவிடுவோம். தையல் தானே கரைந்துவிடும். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம். சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம், அடுத்த பக்கத்தையும் எட்டிப் பார்க்கலாம் என்பது அதில் வசதி. ஒரு பக்கம் செய்த பிறகு மறுபக்கம் வருவது நூற்றில் ஏழெட்டுப் பேருக்குத்தான். வரலாம் என்பதற்காக நல்லாயிருக்கிற பக்கத்தையும் கீறுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் இருக்கிறார்கள்.

பலன் எப்படி? பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற அறுவை மருத்துவர் 1950-களிலேயே 3,874 குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார். மறுபடி ஹெர்னியா வந்தது நூற்றுக்கு அரைக்கும் குறைவு. இன்றும் நிறைமாதக் குழந்தைக்கு நாள் குறித்துச் செய்தால் நூற்றில் ஒன்று என்கிற அளவுதான். குறைமாதக் குழந்தைகளுக்கும், சிக்கிய பிறகு அவசரத்தில் செய்கிறவர்களுக்கும் கூடும். "பின்னால் இவனுக்குப் பிள்ளை பிறக்குமா டாக்டர்?" என்று அப்பாக்கள் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். விதை சுருங்கிப்போவது குடல் சிக்கின குழந்தைகளுக்குத்தான் அதிகம், நாள் குறித்துச் செய்த அறுவையில் மிகவும் அபூர்வம். அந்தப் பயம் இருந்தால், சீக்கிரம் செய்துகொள்ள அதுவே காரணம்.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா என்று படித்த பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கென்றே பல நாடுகளில் சேர்ந்து ஓர் ஆய்வு நடந்தது. ஹெர்னியா அறுவைக்கு வந்த 722 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு முழு மயக்கம், மறு பாதிக்கு முதுகில் ஊசி போட்டு விழிப்பிலேயே அறுவை. ஐந்து வயதில் அறிவுத்திறனைச் சோதித்தார்கள். வித்தியாசம் இல்லை. 2019-ல் முடிவு வெளியானது. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற, ஒரே ஒரு மயக்கத்துக்கு இது பொருந்தும்.

குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். மயக்கத்துக்குப் பிறகு இவர்களுக்கு மூச்சு நின்று நின்று வரும் ஆபத்து உண்டு, ஒரு ராத்திரியாவது கண்காணிப்பில் வைக்க வேண்டும். 2024-ல் வந்த அமெரிக்க ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே அறுவை செய்த குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 28 பேருக்குப் பெரிய சிக்கல் வந்தது. சில மாதம் வளரவிட்டுச் செய்தவர்களில் 18 பேருக்கு. அப்படியானால் காத்திருக்கலாமா? கீழே, மருத்துவமனைக்குப் பத்து நிமிடத்தில் போகிற வீடு என்றால் காத்திருக்கலாம் என்பேன். குடும்பம் மசினகுடியிலோ கொலக்கம்பையிலோ இருந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களிடம் வந்து சேர முடியும் என்று கேட்டுத்தான் முடிவு செய்வேன். நீங்களும் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாமல் பஸ் நேரத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குழந்தைகளுக்கு இன்னொரு சோதனை அவசியம். அரிவாள் செல் ரத்த நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே 1952-ல், நம் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அந்த நோய் உள்ள குழந்தைக்குக் குளிர் பட்டாலோ, உடம்பில் நீர் குறைந்தாலோ, ஆக்சிஜன் தாழ்ந்தாலோ சிவப்பணுக்கள் வளைந்து ரத்தக் குழாயை அடைக்கும். அறுவை அரங்கில் இந்த மூன்றுமே நடக்கக்கூடியவை. முன்பே தெரிந்தால் சூடாக வைத்து, சிரையில் நீர் ஏற்றி, பட்டினி நேரத்தைக் குறைத்துப் பத்திரமாகச் செய்துவிடலாம். நோய் அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டால் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பட்டினி என்றேன். அறுவைக்கு முன் தாய்ப்பாலை 4 மணி நேரமும், பசும்பால், பவுடர் பால், இட்லி, பிஸ்கட் எதுவானாலும் 6 மணி நேரமும் நிறுத்த வேண்டும். விடிகாலை பஸ்ஸில் குழந்தை அழுகிறதென்று ஒரு பிஸ்கட் கொடுத்தால் அன்றைய அறுவை ரத்து. முதல் நாளே போய்த் தங்கிவிடுவது நல்லது. அப்புறம் சளி. நம் ஊரில் டிசம்பர் வந்தால் மூக்கு ஒழுகாத குழந்தை ஏது? நெஞ்சுச்சளியும் காய்ச்சலும் இருந்தால் சில வாரம் தள்ளிப் போடுவோம். அதற்காகக் கோபப்படாதீர்கள். ஆனால் தள்ளிப் போட்ட தேதியை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். தேதியில்லாமல் போனவர்கள் பலர் ஒரு வருடம் கழித்துத்தான் திரும்பி வருகிறார்கள்.

செலவுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்துக்கொள்ளலாம். அட்டையில் குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பின்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார்கள், அறுவை முடிந்து அன்றே பஸ்ஸில் மலையேறலாமா என்று. நிறைமாதக் குழந்தை, நன்றாகப் பால் குடித்தது, சிறுநீர் போனது என்றால் அன்று சாயங்காலமே அனுப்பிவிடுவோம். ஆனால் வளைவில் வாந்தி வந்தால் அது மயக்க மருந்தாலா, மலைப்பாதையாலா என்று உங்களுக்கும் தெரியாது, போனில் கேட்கிற எனக்கும் தெரியாது. கீழே சொந்தக்காரர்கள் வீடு இருந்தால் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் ஏறுங்கள்.